புதுப்பிப்பு: ஐயாவின் 12 போர் (bore) துப்பாக்கி, எந்தக் குழலில் எந்தத் தோட்டா?

ஐயா விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஸ்லக் (ஒற்றை ஈயக் குண்டு), பக்ஷாட் (பல பெரிய ரவைகள்) இரண்டுக்கும் எந்தக் குழல் சரி என்று கேட்டிருந்தேன். காரைக்குடியில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் அளந்து சொன்னார்: குழலின் உள்விட்டம் 18.5 மி.மீ.; குழல் வாயில் வலது 18.3, இடது 17.6. அதாவது இடது ஃபுல் சோக், வாய்ப்பக்கம் நன்றாகக் குறுகிய குழல். ஸ்லக் வலதில் மட்டும். இடதிலும் ஈயம் நசுங்கி வெளியேறும்தான், ஆனால் பழைய குழலை எதற்குச் சோதிக்க வேண்டும்?

பக்ஷாட்டை ரேஞ்சில் காகிதத்தில் சுட்டோம். இடதில் நெருக்கமாக விழும் என்று பார்த்தால் ஓரமெல்லாம் ஓட்டை. பெரிய ரவைகள் இறுக்கத்தில் நெரிபட்டு உருக்குலைகின்றனவாம். வலதில் திட்டமாக விழுந்தது. தோட்டா ரகம் மாறினால் இதுவும் மாறலாம்.

அப்புறம், பன்றி அடிக்கவா என்று கேட்டவர்களுக்கு: இல்லை சாமி, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.