விழுங்கலா, தின்னலா? ஃபேகோசைடோசிசுக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஐயா, வணக்கம்.

ஒரு செல் கிருமியையோ தூசியையோ சுற்றி வளைத்து உள்ளே வாங்கிக்கொள்வது ஃபேகோசைடோசிஸ், அதைச் செய்யும் செல் ஃபேகோசைட். அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்தில் தின்னல் என்ற பொருள்தான் இருக்கிறது, ஆகவே இலங்கை வழக்கிலுள்ள 'தின்குழியம்' ஃபேகோசைட்டுக்குப் போதும் என்று எழுதியிருந்தீர்கள். மூலத்துக்கு அது நேர்தான். ஆனால் நுரையீரலுக்குள் நடப்பதைப் பார்த்தால் 'விழுங்கு' என்ற வினையே பொருந்துகிறது.

குழந்தை காசை விழுங்கிவிட்டது என்போம். தின்றுவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. விழுங்கியது செரிக்கலாம், செரிக்காமலும் கிடக்கலாம்.

நுரையீரலின் காற்று நுண்ணறையில் இருக்கும் மேக்ரோஃபேஜை, அதாவது பெரிய வகை ஃபேகோசைட்டை, எடுத்துக்கொள்வோம். ஆக்டின் என்ற புரத இழைகள் உள்ளிருந்து உந்த, கால்போல் நீளும் போலிக்காலை முன்னே நீட்டி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு சுவரோடு ஊரும். தூசியோ பாக்டீரியாவோ தட்டுப்பட்டால் செல் சவ்வு இரு பக்கமும் எழும்பி, அதைச் சுற்றி மூடி, ஒரு பையாக உள்ளே வாங்கிக்கொள்ளும். இதுவரை விழுங்கல். அந்தப் பையோடு, செரிக்கும் நொதிகள் அடங்கிய லைசோசோம் என்ற இன்னொரு பை இணைந்து அவற்றைக் கொட்டிய பிறகுதான் செரித்தல். காசநோய்க் கிருமி தடுப்பது இந்த இணைப்பைத்தான். தடுத்துவிட்டு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. அதைச் செல் 'தின்றது' என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது?

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இன்னும் தெளிவான சான்று. 20 மைக்ரோமீட்டருக்கு மேல் நீண்ட இழையை ஒரு செல்லால் முழுதாகச் சுற்ற முடியாது. முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, மூடாத விளிம்பு வழியே நொதிகள் கசிந்து அக்கம்பக்கத் திசுவைப் புண்ணாக்கும். இதற்கு 'அரைவிழுங்கல்' என்று பெயர் வைக்கலாம். 'அரைத்தின்னல்' என்றால் பாதியைக் கடித்துத் தின்றதாக ஆகிவிடும்.

ஃபேகோசைடோசிசைக் கண்டறிந்த உயிரியலாளர் மெச்னிகோவ் 1882இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திரமீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் காலை கண்டதும் முள்ளைச் சூழ்ந்து நின்ற செல்களைத்தான். முள் செரித்துப் போகவில்லை.

சரி, என் பரிந்துரை இது: ஃபேகோசைடோசிஸ் வெறும் 'விழுங்கல்'. ஃபேகோசைட், வெள்ளையணு சிவப்பணு போல, 'விழுங்கணு'. மேக்ரோஃபேஜுக்குப் 'பெருவிழுங்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். நுரையீரலில் இருப்பது 'நுண்ணறைப் பெருவிழுங்கி'. விழுங்கியதைச் சுற்றி உருவாகும் பையான ஃபேகோசோம் 'விழுங்குபை'.

லைசோசோமில்தான் தயங்குகிறேன். அப்படியே விட்டுவிடலாமா, 'செரிபை' என்று துணியலாமா? 'விழுங்குபையோடு செரிபை இணைந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வருகிறது. வகுப்பெடுக்கும் நண்பர்கள் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.