அம்மம்மாவுக்கு ஒரு திதி வெண்பா வேண்டும்

வணக்கம். எங்கள் அம்மம்மா போன கிழமை காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அடிக்கிறோம். தேவாரம், திருவாசகம் எல்லாம் தெரிவு செய்தாயிற்று. இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாதான் இல்லை. ஆண்டு, மாதம், பட்சம், திதி, பெயர், ஊர் அத்தனையையும் நாலு அடிக்குள் தளை தட்டாமல் அடக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

அப்புறம் வாழ்க்கைக் குறிப்பு. ‘அன்பு மனைவி, பாசமிகு தாய், அருமைப் பேத்தி’ என்று எல்லா மலரிலும் வரும் வரிகளோடு நிறுத்த மனமில்லை (பேத்தியை அங்கே பாட்டி என்ற பொருளில்தான் போடுவார்கள்). 1995 ஒக்டோபர் 30, போரால் நடந்த யாழ்ப்பாண இடப்பெயர்வில், நடக்க ஏலாத தாத்தாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிவரை உருட்டிக்கொண்டு போன மனுசி அவர். வீட்டுப் படங்கள் அதோடு போயின. அந்த நாட்களில் நாவற்குழிப் பாலத்தடியிலோ சாவகச்சேரிப் பள்ளிக்கூடங்களிலோ எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். திதி விவரம் உள்பெட்டியில் தருகிறேன், அச்சகம் அவசரப்படுத்துகிறது.