புது வீட்டுக்கு கேபிள் நெட்டா, ஃபைபரா? பூச்சு வேலைக்கு முன்ன சொல்லுங்க

ரெட்டியார்பட்டி புதுவீடு:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ரெட்டியார்பட்டி பக்கம் வீடு கட்டுதேன். கீழ ரெண்டு ரூம், மச்சுல ஒண்ணு. அடுத்த வாரம் பூச்சு. அதுக்குள்ள நெட்டுக்கு எந்த ஒயர்னு முடிவு பண்ணணும்.

எங்களுக்கு கேபிள் டிவி குடுக்கிற அண்ணாச்சி, "டிவிக்கு வார ஒயர்லயே நெட்டும் தாரேன், மாசம் 400 ரூவா, மோடம் சும்மா"ங்காரு. இன்னொரு கம்பெனி ஆளு ஃபைபர்னு 600 சொல்லுதான், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டுல அவ மெடிக்கல் கோடிங், ராத்திரி ஷிப்ட், வீட்டுல இருந்தே வேலை. பையன் ஒம்பதாம் கிளாஸ். அப்பாவுக்கு டிவி போதும்.

இப்ப இருக்க வாடகை வீட்டுல கேபிள் நெட்தான். மழை இருட்டினாலே நெட் படுத்துரும். போன ஐப்பசியில ஒரு இடி. மோடம், டிவி ரெண்டும் சேந்து போச்சு. அது ஒயர் குத்தமா, எங்க ராசியான்னு தெரியல. ஆனா அந்த கேபிள் அண்ணாச்சி அப்பாவுக்கு இருவது வருசப் பழக்கம். வேண்டாம்னு சொல்லிட்டு நாளைக்குப் பால்காய்ப்புக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிட?

பேட்டை ராத்திரிக்காரன்:

ஃபைபர். இதுல யோசிக்க என்ன இருக்கு?

அம்பை லைன்மேன்:

பேட்டைத் தம்பி சொன்னது சரிதான். ஆனா ஃபைபர்னு சொல்லுதவன் எல்லாம் ஃபைபர் குடுக்கதில்ல. நான் பதினேழு வருசம் கேபிள் லைன் பாத்தவன். இப்ப அறுந்த ஃபைபர ஒட்டுத ஸ்ப்ளைசிங் மெஷினத் தூக்கிட்டு அலையுதேன். ரெண்டு பக்கத்து வண்டவாளமும் தெரியும்.

ஃபைபர்னா வெளிச்சத்துல சிக்னல் அனுப்புத கண்ணாடி இழை. கம்பெனி ஆளுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: என் வீட்டுச் சுவத்துக்குள்ள வாரது கண்ணாடியா, செம்பா? தெருமுக்குப் பெட்டி வரைக்கும் கண்ணாடியக் கொண்டாந்துட்டு, அங்கயிருந்து லேன் ஒயரை இழுத்துவிட்டு "ஃபைபர் நெட்"னு விக்கவங்க இருக்காங்க. அதுக்கு ஃபைபர் காசு குடுக்காதீங்க.

இப்ப உங்க இடிக்கு வாரேன். கேபிள் ஒயர்ல நடுவுல கம்பி, சுத்தி வெள்ளையா நுரை, அதுக்கு மேல வலை. நுரை பிளாஸ்டிக், கம்பியும் வலையும் உலோகம். எங்கயோ விழுத இடி அது வழியா நேரா உங்க டிவிக்கு பின்னாடி வந்து நிக்கும். மழையில படுக்கதுக்குக் காரணம் கனெக்டர். தண்ணி எறங்கிக் களிம்பு பிடிச்சுரும். நான் கழட்டுன ஒரு கனெக்டருக்குள்ள எறும்பு முட்டையே கெடந்துச்சு.

அடுத்தது கரண்ட். கேபிள்ல சிக்னல் போகப் போகத் தேயும். அதனால அங்கங்க போஸ்ட்டுல அதத் தூக்கிவிட ஆம்ப்ளிஃபயர் தொங்கும், அது கரண்ட் தின்னும். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல ஒம்பது மணிக்கு கரண்ட்ட நிறுத்தினா, உங்க வீட்டுல இன்வெர்ட்டர் ஓடும், ஆம்ப்ளிஃபயர் செத்துக் கெடக்கும். நெட் எப்படி வரும்? ஃபைபர்ல வீட்டுக்கு வீடு பிரிச்சுவிடுத ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான், அதுக்கு கரண்ட்டே வேண்டாம். அந்தப் பக்கம் ஆபீஸ்லயும் இந்தப் பக்கம் உங்க பெட்டிக்கும் கரண்ட் இருந்தாப் போதும். பன்னெண்டு வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்ணு வச்சுட்டா ராத்திரி ஷிப்ட்டுக்குக் கவலையில்ல.

அப்லோடு இன்னொரு சங்கதி. பழைய கேபிள் முறையில கீழ வாரதுக்குப் பெரிய ரோடு, மேல அனுப்பதுக்கு 5ல இருந்து 65 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சந்து. தெருவுல ஓடுத மிக்சி, மோட்டார் இரைச்சல் பூராவும் அந்தச் சந்துலதான் வந்து சேரும். ஃபைபரும் பங்குதான், அதையும் சொல்லிருதேன். வழக்கமா போடுத ஜிபான்ங்குத ஃபைபர் முறையில ஒரு இழைய 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பாங்க. ஆனா அந்த இழையில கீழ 2.5 ஜிகாபிட், மேல 1.25 ஜிகாபிட். பங்கு போட்டாலும் வயிறு நிறையும்.

ஃபைபருக்கும் நோக்காடு உண்டு. அணில் கடிக்கும், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் குரங்கு பிடிச்சுத் தொங்கும். கேபிள் அறுந்தா கத்தியும் கனெக்டரும் இருந்தாப் பத்து நிமிசத்துல சேத்துரலாம். கண்ணாடி 125 மைக்ரான், வெளிச்சம் போறது அதுக்குள்ள 9 மைக்ரான்ல. மெஷின்காரன் வந்தாத்தான் சோலி ஆகும்.

பூச்சுக்கு முன்ன இதைச் செய்யுங்க. வெளிச்சுவத்துல இருந்து ஹால் நடு வரைக்கும் நெட்டுக்குன்னே தனியா ஒரு 25 மில்லி பைப். கரண்ட் ஒயர் போற பைப்புல சேக்கவே கூடாது. முக்குல எல்போ வைக்க விடாதீங்க, நீட்டு பெண்டுதான். கண்ணாடிய வெடுக்குன்னு மடக்கினா வெளிச்சம் ஒழுகிரும். பைப்புக்குள்ள நைலான் கயிறு ஒண்ணு கெடக்கட்டும், பின்னால இழுக்க உதவும். ஹால்ல இருந்து மச்சுக்கு ஒரு கேட் 6 லேன் ஒயர். கான்கிரீட் தளத்தத் தாண்டி 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சரியா ஏறாது.

சில ஃபைபர் ஒயர்ல தாங்கலுக்கு இரும்புக் கம்பி ஓடும். அதை வெளிச்சுவத்தோட வெட்டிரச் சொல்லுங்க, இல்லன்னா இடிக்கு நீங்களே பாலம் போட்ட மாதிரி. மாட்டி முடிச்சதும் வெளிச்சம் எம்புட்டு பலமா வருதுன்னு மீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க. மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தா நல்லது, மைனஸ் 27ஐத் தொட்டா ஒத்துக்காதீங்க.

பணகுடி டீச்சர்:

லைன்மேன் அண்ணாச்சி சொன்னதுல தப்பில்லை. ஆனால் எங்கள் ஊர் ஆடிக் காற்றை அவர் மறந்துவிட்டார். ஃபைபரை ஒரு தென்னையிலிருந்து அடுத்த தென்னைக்குக் கட்டிவிட்டுப் போனார்கள். மரம் ஆட ஆட ஒருநாள் அறுந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு. ஆள் வர நாலு நாள். அந்த நாலு நாளும் மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு போனில் ஆன்லைன் கிளாஸ் எடுத்தேன், குடை காற்றுக்கு இல்லை, வெயிலுக்கு. மறு மாதமே கேபிளுக்குத் திரும்பிவிட்டேன். கேபிள்காரர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கூப்பிட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேகம் குறைவுதான். ஒயரைவிட ஆளைப் பாருங்கள் என்பேன்.

அம்பை லைன்மேன்:

டீச்சர், தென்னையில கட்டினது கண்ணாடி குத்தமா, கட்டினவன் குத்தமா? ஆனா ஆள் விசயம் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ரெட்டியார்பட்டித் தம்பி, ஒரு யோசனை. இப்ப நிறைய கேபிள்காரங்களே வீட்டுக்கு ஃபைபர் போடுதாங்க. உங்க அண்ணாச்சிகிட்ட வாயத் தொறந்து கேட்டீங்களா?

ரெட்டியார்பட்டி புதுவீடு:

கேக்கல அண்ணாச்சி. இன்னிக்குச் சாயங்காலம்தான் அப்பாவக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். "கண்ணாடியும் நாந்தாம்டே போடுதேன், செம்பு வேணும்னு நெனச்சுல்லா சொன்னேன், 400 ரூவாக்கு மேல குடுக்க மாட்டேன்னு உங்கய்யா சொன்னாரு"ங்காரு. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. 550க்குப் பேசி முடிச்சாச்சு, வரி சேத்து. டிவிக்குப் பழைய ஒயரே இருக்கட்டும்னுட்டாரு. அறுந்தா மெஷின் யாருதுன்னு கேட்டேன். மருமவன் வச்சிருக்கானாம், மேலப்பாளையத்துல.

வாரப்பவே வீட்டுல எறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன். எலக்ட்ரீசியன் நெட் பைப்ப கரண்ட் பைப்போடயே விட்டு, முக்குல ரெண்டு எல்போ வச்சிருக்காரு. நாளைக்குக் காலைல அவரு டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள போய் நிக்கணும்.