கவுண்டர் (நீளம் காட்டும் கருவி) இல்லாத மீன்பிடி ரீலில் வெளியே போன நரம்பை (தூண்டில் இழையை) எப்படி அளப்பது?

புதுத்தூண்டில்:
ஸ்பின்னிங் ரீல், கியர் விகிதம் 5.2:1. 0.30 மி.மீ. நைலான் நரம்பு 200 மீட்டர், ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விளிம்புவரை நிறைந்திருக்கிறது. பெட்டியில் ஹேண்டில் ஒரு சுற்றுக்கு 82 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள். மெதுவாகப் போகும் படகிலிருந்து லூரை (போலி இரையை) இழுக்கும்போது வெளியே இருப்பது 40 மீட்டரா 60 மீட்டரா என்றே தெரிவதில்லை. மீன் அடித்த அதே நீளத்துக்கு மறுபடி விட முடியவில்லை. 82-ஐ வைத்துப் பெருக்கினால் கணக்கு உதைக்கிறது. கவுண்டர் ரீலோ ராடில் (தூண்டில் கம்பில்) மாட்டும் மீட்டரோ வேண்டாம். கையில் இருப்பதை வைத்தே வழி உண்டா? கணக்கு ஏன் உதைக்கிறது என்றும் சொன்னால் நல்லது.

வட்டக்கணக்கு:
அந்த 82 செ.மீ. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது மட்டும்தான் சரி. ஹேண்டிலை ஒரு முறை சுற்றினால் நரம்பு ஸ்பூலில் 5.2 முறை சுற்றும். நரம்பு மட்டத்தில் விட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு 157 மி.மீ., 5.2-ஆல் பெருக்கினால் 82 செ.மீ. நரம்பு வெளியே போகப் போக விட்டம் குறையும், சுற்றுக்கு வரும் நீளமும் அதோடு குறையும்.

எவ்வளவு குறையும்? நிறைந்த விட்டத்தின் வர்க்கத்திலிருந்து வெற்று ஸ்பூல் விட்டத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். அதை, மொத்த நரம்பில் எத்தனை பங்கு வெளியே போயிருக்கிறதோ அந்தப் பங்கால் பெருக்குங்கள். வந்ததை நிறைந்த விட்டத்தின் வர்க்கத்திலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் இப்போதைய விட்டம். வெற்று ஸ்பூல் 34 மி.மீ. என்று வைத்தால், 60 மீட்டர் வெளியே இருக்கும்போது விட்டம் ஏறக்குறைய 46 மி.மீ., ஒரு சுற்றுக்கு 75 செ.மீ. 150 மீட்டரில் 39 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே, ஒரு சுற்றுக்கு வெறும் 63 செ.மீ. ஆக, 60 மீட்டரைச் சுற்ற 82 கணக்கில் 73 சுற்று போதும் என்று தோன்றும். உண்மையில் 77 பக்கம் வரும். 40, 50 மீட்டருக்குள் வேலை என்றால் இந்தப் பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம். நூறைத் தாண்டினால் விடாது.

காகிதக் கணக்கைவிட ஒரு தடவை அளந்துவிடுவதே மேல். திறந்தவெளியில் டேப்பால் 0, 10, 20, 30 என்று 60 மீட்டர்வரை குச்சி நடுங்கள். நரம்பு நுனியை முதல் குச்சியில் கட்டி, பெயிலை (ரீலில் நரம்பைப் பிடித்து வைக்கும் வளைகம்பியை) திறந்து கடைசிக் குச்சிவரை நடங்கள். திரும்பி வரும்போது நரம்பை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றி, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் எத்தனை சுற்று என்று எழுதுங்கள். மேலே சொன்ன ஸ்பூலில் 50-லிருந்து 60 வரையான துண்டுக்கு 13.3 சுற்றும், கடைசி 10 மீட்டருக்கு 12.3 சுற்றும் வரும். இந்த அட்டவணை அதே நரம்பு அதே மட்டத்தில் இருக்கும்வரைதான் செல்லும். சிக்கு விழுந்து 30 மீட்டர் வெட்டி எறிந்தால் புதிதாக அளக்க வேண்டும்.

ஈயக்குண்டு:
மேலே சொன்னது உள்ளே இழுக்கும்போது. வெளியே விடும்போது அது உதவாது, இப்போதைய பல ரீல்களில் ஹேண்டிலைப் பின்னோக்கிச் சுற்றும் பொத்தானே கிடையாது. அதற்குக் கை அளவுதான். ரீலுக்கும் ராடின் முதல் வளையத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து வையுங்கள். பெயிலைத் திறந்து, ரீல் வாயருகே நரம்பைப் பிடித்து, முதல் வளையம்வரை இழுத்து விடுங்கள். தூரம் 50 செ.மீ. என்றால் 20 இழுப்புக்கு 10 மீட்டர். எங்கே பிடிக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே இடமாக இருக்கணும். அவசரத்தில் இழுப்பு 45 செ.மீ. ஆனால் 100 இழுப்பில் 5 மீட்டர் போச்சு.

நேராகக் கீழே இறக்குவதற்குப் பாகக் கணக்கு இன்னும் வேகம். கையை முழுசா விரித்தால் வரும் பாகம் பெரும்பாலும் ஆளின் உயரத்தை ஒட்டியே இருக்கும். ஆனாலும் டேப் வைத்து உங்கள் பாகத்தை அளந்துகொள்ளுங்கள்.

உருண்டை வடிவ டிரம் ரீல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நரம்பைப் பரப்பி விடும் கொண்டி இடமிருந்து வலம் போக எத்தனை மீட்டர் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால், கொண்டி எத்தனை முறை போய் வந்தது என்று எண்ணினாலே போதும். முதலில் கிளட்ச்சை (ஸ்பூலை ஹேண்டிலோடு இணைக்கும் பிடியை) விடுவித்து நரம்பை இழுத்துப் பாருங்கள். சில ரீல்களில் அந்த நிலையில் கொண்டி அசையாமல் நிற்கும், அதில் இந்த வழி செல்லாது.

முடிச்சு:
அதே நீளத்துக்குத் திரும்பப் போவதுதான் தேவை என்றால் எண்ணவே வேண்டாம், நரம்பில் அடையாளம் வையுங்கள்.

பெர்மனன்ட் மார்க்கர் நைலானில் நிற்காது. வழவழப்பில் மை ஊறாது, வளையங்களில் உரசி நாலு தடவையில் மங்கிவிடும். பிரெய்ட் (பல இழை பின்னிய) நரம்பில் ஊறும், ஆனாலும் அவ்வப்போது புதுப்பிக்கணும். 2 செ.மீ. கோடு கண்ணுக்குத் தெரியாமலே ஓடிவிடும், 30 செ.மீ. நீளத்துக்குப் பூசுங்கள். 20 மீட்டருக்கு ஒரு பட்டை, 40-க்கு இரண்டு, 60-க்கு மூன்று.

நைலானுக்கு நூல் முடிச்சுதான் சரி. கெட்டியான நூலை நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றிக் கட்டி, எச்சில் தொட்டு ஈரமாக்கியபின் மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பில் வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். நூல் வால்களை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் அவிழும், நீளமாக விட்டால் வளையத்தில் மாட்டும். முடிச்சு விரலில் தட்டுப்படும், இருட்டிலும் தெரியும். ஆனால் அது நகரக்கூடியது. நல்ல மீன் ஒன்று ஓடி முடித்தபின் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பூல் ஓரத்துக் கிளிப்பில் நரம்பை மாட்டி நீளத்தை நிறுத்தும் பழக்கமும் உண்டு. லூர் போய் நின்றதும் கிளிப்பிலிருந்து எடுத்துவிடணும். மறந்தால், மீன் ஓடும்போது கிளிப்புக்குக் கீழே உள்ள நரம்பு வராது. டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிரேக்) எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அறுந்துதான் போகும்.

புதுத்தூண்டில்:
நன்றி. நூல் முடிச்சையும் அட்டவணையையும் சேர்த்துச் செய்கிறேன். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தை வைத்துக் கணக்கிட முடியுமா? 40 மீட்டர் வெளியே என்றால் ஆழம் எவ்வளவு என்று வைப்பது?

வட்டக்கணக்கு:
முடியும். தடையில்லாமல் விட்டால் லூர் தண்ணீரில் போட்ட இடத்திலேயே கிடக்கும், படகுதான் விலகிப் போகும். மணிக்கு 4 கி.மீ. என்பது நொடிக்கு 1.1 மீட்டர், 45 நொடியில் 50 மீட்டர். விரலால் நரம்பைப் பிடித்துப் பிடித்து விட்டால் லூர் கூடவே இழுபடும், நீளம் குறையும். ஜிபிஎஸ் காட்டுவது தரைமேல் வேகம் என்பதை மறக்க வேண்டாம். 1 கி.மீ. எதிர்நீரோட்டத்தில் அது 4 என்று காட்டினால் தண்ணீரில் உங்கள் வேகம் 5, நரம்பு கால் பங்கு கூடுதலாகப் போயிருக்கும்.

ஈயக்குண்டு:
ஆழத்துக்கு நரம்பின் சாய்வைப் பாருங்கள். நேர்செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் நீளத்தில் 0.87 பங்கு, 45 என்றால் 0.7, 60 என்றால் பாதி. ராடு நுனியிலிருந்து தண்ணீர்வரை உள்ள நீளத்தை முதலில் கழித்துவிடணும். நுனியில் கனமான ஈயம் இருந்தால் நரம்பு நேர்கோடாக இருக்காது. மேலே சாய்ந்தும் கீழே செங்குத்தாகவும் வளைந்து நிற்கும், அதனால் ஈயம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் ஆழத்திலேயே இருக்கும்.

முடிச்சு:
ஒன்று விட்டுப்போச்சு. மீன் இழுத்து டிராக் நழுவும்போது ஹேண்டிலைச் சுற்றினாலும் நரம்பு உள்ளே வராது. அந்தச் சுற்றுகளை எண்ணினால் எல்லாம் குழம்பும். அடித்த உடனே, ஹேண்டிலில் கை வைக்கும் முன், எந்த முடிச்சு வெளியே போயிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.