ரைசன் 5 2600 செயலியை முதன்முறையாக ஓவர்க்ளாக் செய்வது குறித்து

கேள்வி:
வணக்கம். என்னிடம் ரைசன் 5 2600 செயலியும், அதனுடன் வந்த சிறிய கூலரும், பி450 மதர்போர்டும் உள்ளன. விளையாட்டுகளுக்காகச் செயலியை ஓவர்க்ளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி, 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த விரும்புகிறேன். முன்னனுபவம் இல்லாத நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1:
பி450 இதற்கு இடமளிக்கிறது; ஏ320 வகை மதர்போர்டு என்றால் இயலாது. ஆயினும் முதலில் ரேமைக் கவனியுங்கள். ரைசனின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ரேமின் வேகத்தோடு பிணைந்தே இயங்குகிறது. ஆகவே 3000 வேகத்துக்கான ரேம், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, இயக்கப்படாமல் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்வதே பல விளையாட்டுகளில் செயலியை முடுக்குவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இச்செயலியின் அடிப்படை வேகம் 3.4, உச்ச வேகம் 3.9 ஜிகாஹெர்ட்ஸ். பெருக்கியை (செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) நீங்களே நிர்ணயித்தால் தானியங்கி உச்ச வேகம் நின்றுவிடும் என்பதால், 3.9-க்குக் கீழே நிறுத்துவதில் விளையாட்டுகளுக்குப் பெரிய ஆதாயமில்லை. 3.8-இல் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அழுத்தச் சோதனையை (செயலிக்கு முழுச் சுமை கொடுத்துப் பார்க்கும் மென்பொருளை) அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். மின்னழுத்தத்தை 'ஆட்டோ'வில் விட வேண்டாம்; போர்டு தேவைக்கு மிகுதியாகக் கொடுத்துவிடும். 1.35 வோல்ட்டைத் தாண்டாதீர்கள். வெப்பத்தின் மேல்வரம்பு 95 டிகிரி என்றாலும், அந்தச் சிறிய கூலரில் 85-ஐ எட்டினாலே ஒரு படி இறங்கிவிடுவது நல்லது.

மறுமொழி 3:
அதற்கு முன் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கான ஃபிரேம் (காட்சிப் படங்களின்) எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால் தடையாக இருப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான்; செயலியை முடுக்கிப் பயனில்லை.