ஆறு ஜெயிச்சாச்சு, பவுல் உண்டா? தனி அணிகளின் கணக்கு: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

நாலாம் டவுன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) எதிலும் சேராத தனி அணிக்குப் பவுல் (சீசன் முடிந்ததும் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம்) வாய்ப்பு எங்கே இடறும் என்பதை, நடந்து முடிந்த சீசன்களை வைத்து இங்கே சேர்த்து வைப்போம். யூகமும் ஆசையும் வேண்டாம். ஸ்கோரும் தேதியும் இருந்தால் போதும்.

முதலில் விதி. வழக்கமான சீசன் 12 ஆட்டம். தோல்வியை விட வெற்றி குறையக் கூடாது, ஆகவே குறைந்தபட்சம் 6-6. அந்த ஆறும் மேல்பிரிவான எஃப்பிஎஸ் அணிகளிடம் பெற்றவையாக இருக்க வேண்டும், ஒரே ஒரு விதிவிலக்கோடு. கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிகளை எத்தனை முறை ஜெயித்தாலும் ஒன்றைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒன்றுக்கும் நிபந்தனை உண்டு: எதிரணிக் கல்லூரி ஃபுட்பாலுக்கு உண்மையிலேயே ஸ்காலர்ஷிப் தருவதாக இருக்க வேண்டும். ஒரு எஃப்சிஎஸ் அணிக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பாக இருந்தது 63. அதில் 90 சதவீதத்தை இரண்டு வருடச் சராசரியாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுநாள் விதியாக இருந்தது. கணக்குப் போட்டால் 56.7. இந்த எண்களில் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏ அவ்வப்போது கை வைக்கும். ஆட்டத்துக்கு ஒப்பந்தம் போடும் முன் அந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எண்ணும் முறை சுலபம். அட்டவணையில் எஃப்சிஎஸ் வெற்றிகளை வட்டமிடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மீதியை வெற்றிப் பக்கத்திலிருந்து அடித்துவிடுங்கள். தோல்விப் பக்கத்தைத் தொடாதீர்கள். இரண்டு எஃப்சிஎஸ் வெற்றியோடு 7-5 என்றால் 6-5 ஆகும், தப்பித்தது. அதே இரண்டோடு 6-6 என்றால் 5-6, போச்சு.

கான்ஃபரன்ஸ் அணிக்கு எட்டோ ஒன்பதோ ஆட்டங்கள் தானாக வந்துவிடும், எல்லாமே எஃப்பிஎஸ். வெளியே தேட வேண்டியது மூன்று நான்குதான். தனி அணி பன்னிரண்டையும் ஃபோன் போட்டுப் பிடிக்க வேண்டும். செப்டம்பரில் ஆள் கிடைக்கும். அக்டோபர், நவம்பரில் எல்லோரும் தங்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்குள் போய்விடுவதால் அந்த ஓட்டையை அடைக்க எஃப்சிஎஸ் அணியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது எஃப்சிஎஸ் ஆட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அட்டவணைக்குள் நுழைகிறது.

ஹட்சன் கரை

மேலே சொன்னதற்கு அச்சு அசலான உதாரணம் 2023 ஆர்மி (ராணுவ அகாதமி அணி). அந்த வருடத்து ஆறு வெற்றிகள்: டெலவேர் ஸ்டேட் (57-0), யுடிஎஸ்ஏ (37-29), ஏர் ஃபோர்ஸ் (23-3), ஹோலி கிராஸ் (17-14), கோஸ்டல் கரோலினா (28-21), நேவி (17-11). டெலவேர் ஸ்டேட்டும் ஹோலி கிராஸும் எஃப்சிஎஸ். ஹோலி கிராஸ் ஆட்டத் தேதி நவம்பர் 11, நாலாம் டவுன் சொன்ன அதே நவம்பர் ஓட்டை.

கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்பரோ மைதானம், டிசம்பர் 9. 17-9 என்று ஆர்மி முன்னிலை. கடைசி நொடிகளில் நேவிக்கு நாலாவது டவுன் (கடைசி முயற்சி), கோல்லைன் கைக்கெட்டும் தூரம். பந்தோடு முன்னேறிய குவார்ட்டர்பேக்கைக் கோட்டுக்கு அங்குலக் கணக்கில் இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த நொடிகளைக் கரைக்க ஆர்மி வேண்டுமென்றே ஒரு சேஃப்டி (எதிரணிக்கு இரண்டு புள்ளி) கொடுத்து 17-11-ல் முடித்தது. ஏர் ஃபோர்ஸையும் ஜெயித்திருந்ததால் மூன்று படை அகாதமிகளுக்கான கமாண்டர்-இன்-சீஃப் கோப்பை கையில். சீசன் 6-6. பவுல் கிடையாது, என்சிஏஏ கணக்கில் அது ஐந்துதான்.

சீசன் தொடக்கத்தில் லூசியானா மன்ரோவிடம் 13-17 என்று விட்ட ஆட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒன்று திரும்பியிருந்தால் 7-5. இரண்டு எஃப்சிஎஸ் இருக்கும் வருடத்தில் மத்திமமான எஃப்பிஎஸ் அணியிடம் தோற்பதன் விலை இரட்டிப்பு.

ஆர்மிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பவுல் ஜோடிகளை அறிவிப்பது டிசம்பர் முதல் வார ஞாயிறு. நேவி ஆட்டம் அதற்கு அடுத்த சனிக்கிழமை. அறிவிப்பு நாளில் ஐந்து வெற்றியோடு நிற்கும் அணிக்கு யாரும் இடம் பிடித்து வைக்க மாட்டார்கள், முன்கூட்டியே நிபந்தனையோடு பேசி வைத்திருந்தால் ஒழிய. 2024-ல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் சேர்ந்த பிறகும் அந்தத் தேதி மாறவில்லை.

ஓரக்கோடு

எதிர்ப்பக்க உதாரணம் 2019 லிபர்ட்டி. ஹாம்ப்டன், மெய்ன் என்று இரண்டு எஃப்சிஎஸ் வெற்றி அங்கேயும் உண்டு. ஆனால் முடித்தது 7-5. ஒன்றை அடித்த பிறகும் ஆறு நின்றது. அந்த ஏழில் இரண்டு ஒரே அணியிடம் வந்தவை: நியூ மெக்சிகோ ஸ்டேட்டோடு அதே சீசனில் இரண்டு முறை ஆடினார்கள், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அதுவும் அப்போது தனி அணி. தேதி கிடைக்காத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்ட ஏற்பாடு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இரண்டுமே எஃப்பிஎஸ் ஆட்டம், இரண்டுமே செல்லும். பிறகு க்யூர் பவுலில் ஜார்ஜியா சதர்னை 23-16 என்று ஜெயித்தார்கள்.

முந்தைய 2018-லும் லிபர்ட்டி 6-6 தான். எஃப்சிஎஸ்ஸிலிருந்து மேலே ஏறும் இடைக்காலம் என்பதால் அழைப்பு இல்லை.

பாலைவனக் காற்று

நியூ மெக்சிகோ ஸ்டேட் பேச்சு வந்ததால் 2022-ஐச் சொல்லியாக வேண்டும். விதியில் இல்லாத வழி திறந்த வருடம் அது.

அக்டோபரில் சான் ஹோசே ஸ்டேட் அணியின் வீரர் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். அந்த வார ஆட்டம் நடக்கவில்லை, மாற்றுத் தேதியும் அமையவில்லை. கையில் மிஞ்சியது பதினோரு ஆட்டம். ஹவாய், நியூ மெக்சிகோ, யுமாஸ், லமார் என்று நாலு ஜெயித்து, நவம்பர் 26 அன்று லிபர்ட்டியை 49-14 என்று அடித்து 5-6 ஆனார்கள். லமார் எஃப்சிஎஸ், அதற்கான ஒரே இடம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு அந்த நேரத்தில் கிடைத்தது வால்பரைசோ. பயனியர் லீக் அணி, அந்த லீக்கில் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிசம்பர் 3 அன்று 65-3. விதிப்படி அந்த வெற்றி இரண்டு வகையில் செல்லாது: இரண்டாவது எஃப்சிஎஸ், அதிலும் ஸ்காலர்ஷிப் வரம்புக்கு வெளியே. ஆனாலும் ஆட்டம் ரத்தானதில் அணியின் தவறு எதுவும் இல்லை என்பதால் என்சிஏஏவிடம் விலக்கு கேட்டார்கள், கிடைத்தது. டிசம்பர் 26, டெட்ராய்ட், குவிக் லேன் பவுல். பௌலிங் கிரீன் அணியை 24-19 என்று ஜெயித்து 7-6 ஆனார்கள்.

விலக்கு மனுவுக்கு அடித்தளம் அந்த ரத்தான ஆட்டம். அட்டவணையைத் தானே இரண்டு எஃப்சிஎஸ்ஸோடு போட்டுக்கொண்ட அணி இதைக் காட்டிக் கேட்க முடியாது.

நாலாம் டவுன்

தகுதி வரைக்கும் பேசியாச்சு. அடுத்தது இடம். பந்தியில் கான்ஃபரன்ஸ்காரர்களுக்குப் பெயர் போட்டு இலை விரித்திருக்கும். தனி அணி யார் எழுந்திருப்பார் என்று பார்த்து நிற்க வேண்டும், அல்லது முன்பே ஒரு இலைக்குப் பேசி வைத்திருக்க வேண்டும். பேசி வைத்தும் ஏமாறலாம்: 2020 ஆர்மி.

அந்த வருடம் அவர்களுக்கு ஷ்ரீவ்போர்ட்டில் நடக்கும் இண்டிபென்டன்ஸ் பவுலோடு ஒப்பந்தம், எதிரணி பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து. ஆர்மி 9-2. கோவிட் காரணமாக பேக்-12 அணிகள் வரிசையாக விலகின, மாற்று எதிரணி கிடைக்காமல் பவுலே ரத்தானது. ஒப்பந்தம் அந்த ஒரு பவுலோடு மட்டும் என்பதால் வேறு எங்கும் உரிமை இல்லை. டிசம்பர் 20 அன்று பட்டியல் வந்தபோது 9-2 அணி வெளியே. 2-8 சவுத் கரோலினா உள்ளே. கோவிட் வருடம் என்று வெற்றி வரம்பையே தூக்கிவிட்டிருந்ததால் கான்ஃபரன்ஸ் இடம் வைத்திருந்த அணிக்கு எட்டுத் தோல்வி தடையாக இல்லை.

மறுநாளே டென்னசி அணிக்குள் கோவிட் பரவி லிபர்ட்டி பவுலிலிருந்து விலகியது. அந்த இலையில் ஆர்மியை உட்கார வைத்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 21-24 என்று தோற்றது வேறு கதை.

ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பார்க்க வேண்டிய வரி, எதிரணி வராவிட்டால் என்ன என்பது. அது இல்லாத ஒப்பந்தம் நல்ல வானிலைக்கு மட்டும் செல்லும் டிக்கெட்.

பச்சைச் சுவர்

தனி அணியான யூகான் (கனெக்டிகட் பல்கலை) பக்கம் இரண்டு வருடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-ல் சரியாக 6-6. சென்ட்ரல் கனெக்டிகட் மட்டும் எஃப்சிஎஸ்; ஃப்ரெஸ்னோ ஸ்டேட், எஃப்ஐயு, பாஸ்டன் காலேஜ், யுமாஸ், லிபர்ட்டி மீதி ஐந்து. ஆறாவது வந்தது நவம்பர் 12, லிபர்ட்டியை 36-33. அடுத்த வாரம் ஆர்மியிடம் தோற்றாலும் தகுதிக்குப் பங்கம் இல்லை. போன இடம் மர்டில் பீச் பவுல், மார்ஷலிடம் 14-28.

2024-ல் 8-4. பாஸ்டனில் நடக்கும் ஃபென்வே பவுலுக்கு வழக்கமான ஜோடி ஏசிசி, அமெரிக்கன் என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களின் அணிகள். அமெரிக்கன் இடத்தில் யூகானை எடுத்தார்கள். நார்த் கரோலினாவை 27-14 என்று ஜெயித்தது. கூட்டம் காரில் வந்துவிடும் தூரம் என்பது பவுல் நடத்துபவருக்கு எவ்வளவு இனிப்பு என்று சொல்லத் தேவையில்லை. மர்டில் பீச், ஃபென்வே இரண்டிலும் விளையாட்டு டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன் கை உண்டு; பல பவுல்களை ஒரே நிறுவனம் வைத்திருப்பதால் காலியிடம் வந்தால் ஒரு தனி அணியை நகர்த்தி வைப்பது அவர்களுக்குச் சுலபம். எட்டு வெற்றி இருந்தால் நல்ல ஊர் கிடைக்கும். ஆறு என்றால் கொடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தங்க ஹெல்மெட்

நோட்டர் டேமை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது தனி அணி என்று பெயர், பவுலுக்கு ஏசிசியின் வரிசையில் நிற்கும். எடுக்கும் நேரத்தில் மிச்சமிருக்கும் ஏசிசி அணியை விட ஒரு வெற்றிக்கு மேல் பின்தங்காமல் இருந்தால் அந்த இடத்துக்கு அவர்களை எடுக்கலாம்.

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில்தான் சிக்கல். 2024-ல் 12 அணி முறை வந்தபோது முதல் சுற்று ஓய்வு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும். நோட்டர் டேம் முதலிடம் பிடித்தாலும் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியே ஆக வேண்டியிருந்தது. ஏழாம் இடத்தில் நுழைந்து இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூன்றையும் தாண்டி இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டிடம் 23-34. நுழைவுக்கும் காலிறுதிக்கும் தலா 40 லட்சம் டாலர், அரையிறுதிக்கும் இறுதிக்கும் தலா 60 லட்சம்: மொத்தம் 2 கோடி, பங்கு கேட்க கான்ஃபரன்ஸ் இல்லை. 2025-ல் ஓய்வு விதியைத் தளர்த்தினார்கள்.

அதே 2025-ல்தான் அடி விழுந்தது. மயாமியிடம் 24-27, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 40-41, பிறகு தொடர்ந்து பத்து வெற்றி. கான்ஃபரன்ஸ் இறுதி வாரத்தில் நோட்டர் டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. இடையில் இருந்த பிரிகம் யங் தோற்றுக் கீழே இறங்க, இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து வந்தன. தேர்வுக் குழுவினர் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தின் முடிவை எடுத்து மயாமியைப் பத்தில், நோட்டர் டேமைப் பதினொன்றில் வைத்தார்கள். சாம்பியன்களுக்கான இடங்கள் போக பதினொன்றுக்கு இடம் இல்லை. கோபத்தில் மற்ற பவுலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வாரத்தில் ஆட்டமே இல்லாத அணிக்குத் தன் பக்கம் சொல்ல எதுவும் இல்லை, ஆகஸ்ட் 31-ல் மயாமியிடம் விட்ட மூன்று புள்ளி டிசம்பரில் வந்து நிற்கும்.

ஓரக்கோடு

5-7 பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இடத்தை விடத் தகுதி பெற்ற அணிகள் குறைந்தால் மட்டும் அந்தக் கதவு திறக்கும். 2023-ல் 82 இடம், 79 அணி. மூன்றில் இரண்டு, மேலே ஏறிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மேடிசனுக்கும் ஜாக்சன்வில் ஸ்டேட்டுக்கும். மூன்றாவது 5-7 மினசோட்டாவுக்கு, வீரர்களின் படிப்பை அளக்கும் ஏபிஆர் மதிப்பெண் வரிசைப்படி. ஹட்சன் கரை சொன்ன ஆர்மி வீட்டில் இருந்த அதே வருடம்.

ஹவாய்க்குப் போய் ஆடும் அணி 13-வது ஆட்டம் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சலுகையை எடுத்தால் ஆறு போதாது, ஏழு வேண்டும். 6-7 என்றால் தோல்வி அதிகம். 2016-ல் ஹவாயே 6-7-ஓடு உள்ளே போனது இடம் மிஞ்சியதால்தான்.