ஓர்லாண்டோ தீம் பார்க்கில் காட்டு முதலை: எங்கே தெரியும், தெரிந்தால் என்ன செய்வது

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஏரிக்கரை:

ஃபுளோரிடா மாநிலத்து டிஸ்னி வேர்ல்டில் முதலை தெரிந்தது என்று யாராவது படம் போட்டால் போதும், "உள்ளே எப்படி விட்டார்கள்?" என்று கேள்வி வரிசை கட்டி வரும். யாரும் விடவில்லை. 1971-இல் அதன் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் திறக்கும் முன்பே அந்த நிலம் சதுப்பும் சைப்ரஸ் காடுமாகக் கிடந்தது. முதலைதான் பழைய குடி. மொத்த இடம் ஏறக்குறைய 40 சதுர மைல். அதில் பே லேக் இயற்கை ஏரி. அதை ஒட்டிய செவன் சீஸ் லகூன் வெட்டிய ஏரி. தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் மேஜிக் கிங்டத்தின் தரையையே உயர்த்தினார்கள். இரண்டு ஏரியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. மழைநீர் வடிய மைல் கணக்கில் கால்வாய்கள், ஒவ்வொரு ஹோட்டலுக்கும் பின்னால் ஒரு குளம், கோல்ஃப் மைதானத்துக்குள் குட்டைகள். எல்லாம் ஏதோ ஒரு குழாய் வழியாகவோ மதகு வழியாகவோ தொடர்புடையவை. ஒரு குளத்திலிருந்து முதலையைப் பிடித்துப் போனால் அடுத்த மழைக்கு இன்னொன்று வந்து சேரும். வேலி போட்டு அடைக்கக்கூடிய இடமில்லை அது.

ஃபுளோரிடாவில் மொத்தம் 13 லட்சம் முதலை இருப்பதாக மாநில வனவிலங்குத் துறை கணக்குச் சொல்கிறது. மாநிலத்தின் 67 கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. அதனால் நன்னீர் எங்கே தேங்கி நின்றாலும் முதலை உண்டு என்று வைத்துக்கொண்டு நடப்பதே சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜங்கிள் குரூஸ் படகுச் சவாரியில் வாயைப் பிளப்பவை இயந்திரப் பொம்மைகள். டிஸ்னியின் இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டத்தில் சஃபாரி வண்டியிலிருந்து பார்ப்பவை நைல் முதலைகள். ஆப்பிரிக்க இனம், அடைப்புக்குள் வளர்ப்பவை. இங்கே பேசுவது இரண்டையும் இல்லை. தானாகத் திரியும் அமெரிக்க அலிகேட்டரைப் பற்றி.

சஃபோர்ட் சாலை:

பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் நீளத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் உடம்பு தெரியாது. தெரிவது இரண்டே மேடு: முன்னால் மூக்கு, பின்னால் கண். அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலமோ, முதலை ஏறக்குறைய அத்தனை அடி. நான்கு அங்குலம் என்றால் நான்கடி. ஒரு சாண் இடைவெளி தெரிந்தால் ஒன்பதடி ஆள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான்.

நான்கடிக்குக் கீழே இருப்பது மீன், தவளை, பூச்சி தின்று பிழைக்கிறது. மனிதரைக் கண்டால் அதுதான் முதலில் தண்ணீருக்குள் அமிழும். ஆறேழு அடியில் இனப்பெருக்க வயது. பெண் பத்தடியைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு மேலே பார்த்தால் பெரும்பாலும் ஆண்.

மிதக்கும் கட்டையா முதலையா என்ற சந்தேகம் வந்தால் காற்றைப் பாருங்கள். கட்டை காற்றோடு போகும். முதலை நின்ற இடத்தில் நிற்கும், இல்லாவிட்டால் காற்றுக்கு எதிராக நகரும். இருட்டில் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தண்ணீர்மேல் அடித்தால் கண் சிவப்பாக எரியும். மீனுக்கும் தவளைக்கும் அந்தச் சிவப்பு வராது. ஆனால் ஒன்றும் எரியவில்லை என்பதால் தண்ணீர் காலி என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே மூச்சடக்கி அடியில் கிடக்கும்.

மதுரைக்காரி:

ஏப்ரல் கடைசியில் போகிறோம், மூன்று வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று. செவன் சீஸ் லகூன் கரையில் இருக்கிற பாலினீசியன் ஹோட்டலில் அறை. ராத்திரி அந்த மணல் கரையில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்கலாம் என்கிறார்கள். உட்காரலாமா?

ஏரிக்கரை:

உட்காரலாம். வேலிக்கு இந்தப் பக்கம்.

அந்த வேலி ஏன் வந்தது என்று தெரிந்தால் மதிப்பு புரியும். 2016 ஜூன் 14, பக்கத்து கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டல் கரை. ராத்திரி ஒன்பது மணி வாக்கில், கரையோரம் சில அங்குலத் தண்ணீரில் குனிந்திருந்த இரண்டு வயதுக் குழந்தையை முதலை கவ்விக்கொண்டு போனது. தந்தை தண்ணீரில் இறங்கிப் போராடியும் மீட்க முடியவில்லை. அப்போது அங்கே இருந்த பலகையில் நீந்தக்கூடாது என்று மட்டும் எழுதியிருந்தது. வெளியூர்க்காரர் அதைப் படித்தால் ஆழம் அதிகம், காவலாள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். கணுக்கால் நனைப்பது நீச்சல் இல்லையே! ஃபுளோரிடாவில் பிறந்தவருக்குச் சொல்லாமலே புரிகிற காரணம் பலகையில் இல்லை. என் கணிப்பில் குறை அந்தப் பலகையில்தான்.

அதற்குப் பிறகு முதலை, பாம்பு படம் போட்ட பலகைகள் வந்தன. மணலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலியும் பாறை வரிசையும் வந்தன. பாறை வரிசை அழகுக்கு இல்லை: முதலை சரிவான மணலில் சத்தமில்லாமல் ஏறும், குவிந்த பாறையில் அப்படி ஏற முடியாது. அந்தச் சம்பவத்துக்குப் பின் ஐந்து ஆண்டில் டிஸ்னி நிலத்திலிருந்து மட்டும் 250 அளவில் முதலைகளை அப்புறப்படுத்தியதாகச் செய்தி வந்தது. ஏரி காலியாகிவிட்டதா என்றால் இல்லை, முதல் பதிவில் சொன்ன காரணம்தான்.

உங்களுக்கு வேண்டியது: நாற்காலியை வேலியிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள். பந்தோ செருப்போ வேலி தாண்டி விழுந்தால் விழுந்ததுதான். போன் விழுந்தாலும் அப்படியே. ஹோட்டல் ஆளிடம் சொல்லுங்கள், நீங்கள் பாறையில் கால் வைக்காதீர்கள். சின்னவனை இருட்டிய பிறகு தோளிலோ தள்ளுவண்டியிலோ வைத்துக்கொள்வது நல்லது. முதலை ஆபத்தை எடை போடுவது உயரத்தையும் உருவத்தையும் வைத்து. குனிந்த பிள்ளையும் நாயும் அதற்கு இரை அளவில் தெரியும்.

இந்திரன்:

ஏப்ரல் கடைசி என்பதால் ஒரு வார்த்தை. ஏப்ரல் தொடக்கத்தில் இணை தேட ஆரம்பிக்கும், மே, ஜூனில் இணைசேரும். அந்த இரண்டு மூன்று மாதம் ஆண் முதலைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ரோட்டைக் கடக்கிறது, கார் நிறுத்துமிடத்தில் கிடக்கிறது, நடைபாதையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தவை. அது உங்களைத் தேடி வரவில்லை, குறுக்கு வழியில் போகிறது. ஒதுங்கி நின்றால் போய்விடும்.

ஜூன் கடைசி, ஜூலை முதலில் புல்லும் நாணலும் சேற்றோடு சேர்த்துக் குவித்துக் கூடு கட்டி 35 முட்டை அளவில் இடும். பொரிய 60 முதல் 65 நாள். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை குட்டிகள். கரும் உடம்பில் மஞ்சள் பட்டையோடு ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும், 'யிங்க் யிங்க்' என்று கத்தும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று கிட்டே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சத்தமே தாயைக் கூப்பிடும் சத்தம். தாய் பக்கத்திலேயே இருக்கும்.

குளிருக்கு வேறு கணக்கு. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 21 செல்சியஸ், இரை எடுப்பது நின்றுவிடும். 55-க்குக் கீழே, அதாவது 13 செல்சியஸ், முடங்கிக் கிடக்கும். ஜனவரியில் நடுப்பகலில் கரையில் வெயில் காய்வதைப் பார்க்கலாம். வாய் திறந்திருந்தால் பயப்பட வேண்டாம், சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாய் திறந்து 'ஸ்ஸ்' என்று சீறினால் விஷயம் வேறு: நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். பின்னாலேயே நகருங்கள். 60 அடி தள்ளி நிற்கச் சொல்வார்கள், டிஸ்னி பஸ் ஒன்றரை நீளம்.

அதிகம் இரை தேடுவது அந்தி முதல் விடியல் வரை. வாணவேடிக்கை நேரமும் அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

சஃபோர்ட் சாலை:

தீனி போடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடிக்குப் பின்னால் துருவிப் பார்த்தால் அடிக்கடி இருப்பது அதுதான். ஃபுளோரிடாவில் முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். நம் ஆட்கள் முதலைக்குப் போட மாட்டார்கள், வாத்துக்கும் ஆமைக்கும் பிரெட் பிய்த்துப் போடுவார்கள், அங்கேதான் சிக்கல். வாத்து கூடும் இடத்துக்கு முதலை வரும். படித்துறையில் மனிதர் காலடி கேட்டால் சாப்பாடு என்று பழகிவிடும். 1986-இல் டிஸ்னியின் கூடார முகாமான ஃபோர்ட் வில்டர்னஸ் குளக்கரையில் 8 வயதுப் பையனை முதலை கவ்வியபோது அவன் பார்த்துக்கொண்டிருந்தது வாத்துகளை. கூடப் பிறந்தவர்கள் விடாமல் அடித்துத்தான் மீட்டார்கள்.

பயந்த முதலை மனிதரைக் கண்டால் விலகும். பழகிய முதலை நேராகக் கரைக்கு நீந்தி வரும். உங்களைப் பார்த்து ஒன்று நீந்தி வந்தால் அதை யாரோ ஊட்டிக் கெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வீடியோ எடுக்க நிற்காமல் ஊழியரிடம் இடத்தைச் சொல்லுங்கள்: எந்தக் கரை, எந்தப் பலகைக்குப் பக்கம், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே எவ்வளவு. அந்த மூன்றும் போதும்.

கிஸ்ஸிம்மி வாடகை:

ஹோட்டலை விடப் பின்னால் குளம் இருக்கிற வாடகை வில்லாவில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். அங்கே ஊழியர் இல்லை, வேலியும் இல்லை. டிஸ்னிக்கு அருகில் உள்ள கிஸ்ஸிம்மி, டேவன்போர்ட் ஊர்ப் பக்கம் புல்தரை அப்படியே சரிந்து தண்ணீரில் முடியும். காலையில் பிள்ளைகளை நீச்சல்குளத்தில் விடும் முன் அடிவரை பாருங்கள். வலைக்கூண்டு போட்டிருந்தாலும் கீழ் வலை கிழிந்திருக்கலாம், கதவு கொக்கி மாட்டாமல் கிடக்கலாம். நாயைக் கரையோரம் அவிழ்த்துவிடக் கூடாது. மீன் கழுவிய தண்ணீரையும் கோழிக் கழிவையும் பின்புறம் கொட்டக் கூடாது.

கூப்பிட வேண்டிய எண் மாநில வனவிலங்குத் துறையின் தொல்லை முதலைப் பிரிவு: 866-392-4286. நான்கடிக்கு மேல் இருந்து, மனிதருக்கோ வளர்ப்பு விலங்குக்கோ ஆபத்து என்று தோன்றினால்தான் எடுப்பார்கள். குளத்தில் சும்மா மிதக்கிறது என்றால் வர மாட்டார்கள். ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தப் பிடிகாரருக்கு அனுமதி போகும். டிஸ்னி மாதிரிப் பெரிய இடங்கள் ஒவ்வொரு முறையும் தொலைபேசி எடுப்பதில்லை. முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பிடிகாரரை நேரடியாக அழைப்பார்கள்.

பிடிப்பது இப்படி: மும்முனைக் கொக்கியைத் தூண்டில் கழியால் முதலைக்கு அப்பால் எறிந்து தோலில் மாட்டி இழுப்பார்கள். கரைக்கு வந்ததும் கழி நுனியில் உள்ள கம்பிச் சுருக்கைக் கழுத்தில் போடுவார்கள். கண்ணை ஈரத் துணியால் மூடினால் அடங்கும். பிறகு வாயைச் சுற்றி எலக்ட்ரீஷியன் டேப். அவ்வளவு பெரிய தாடைக்கு டேப் எப்படித் தாங்கும் என்றால், மூடும் தசைதான் பயங்கரம், திறக்கும் தசை பலவீனம்.

இன்னொரு இடத்தில் விட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். விட்டால் ரோடு ரோடாகக் கடந்து பழைய குளத்துக்கே திரும்பும், புது இடத்தில் இருக்கிற முதலைகளோடும் சண்டை. அதனால் தொல்லை முதலை என்று பிடித்தால் பெரும்பாலும் தோலுக்கும் இறைச்சிக்கும்தான் போகும். சில பண்ணைக்கோ காட்சிக்கோ உயிரோடு போகும். நாய்க்குட்டி அளவு முதலைக்கு ஒரு சப்பாத்தி எறிந்தவர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்திரன்:

கடைசிக் கட்டம் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு, சீண்டாமல் நடக்கும் கடி மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சராசரி எட்டு. அதனால் ராத்தூக்கம் கெட வேண்டாம்.

தரையில் துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு என்பது கட்டுக்கதை. தண்ணீருக்கு எதிர்த் திசையில் நேராக ஓடுங்கள். முதலை தரையில் கொஞ்சத் தூரம்தான் வேகம் பிடிக்கும், பெரும்பாலும் துரத்தவே துரத்தாது.

கவ்விவிட்டால் சும்மா இருக்காதீர்கள். கண்ணில் குத்துங்கள், மூக்கு நுனியில் ஓங்கி அடியுங்கள், சத்தம் போடுங்கள். இரை எளிதாக மடங்காது என்று தெரிந்தால் பல முதலைகள் விட்டுவிடும். கையை வெடுக்கென்று இழுத்தால் சதைதான் கிழியும், அந்தப் பற்கள் அறுக்க அமைந்தவை இல்லை, பிடித்துக்கொள்ள அமைந்தவை. பிடியை மாற்ற வாயைத் தளர்த்தும் நொடியில் விலகுங்கள். தண்ணீருக்குள் இழுத்துச் சுழற்ற ஆரம்பித்தால் அது சுழலும் பக்கமே உடம்பைச் சுழல விடுங்கள், எதிர்த்தால் மூட்டு கழன்றுவிடும்.

வெளியே வந்ததும் 911. ரத்தம் நிற்க அழுத்திப் பிடியுங்கள், சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சின்னக் கீறல்தானே என்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அடுத்த ரைடுக்கு வரிசையில் நிற்காதீர்கள். முதலை வாயிலும் குளத்து நீரிலும் ஏரோமோனாஸ் என்ற கிருமி இருக்கும், ஒரே நாளில் புண் சீழ் பிடிக்கலாம். மருத்துவரிடம் முதலைக்கடி, நன்னீர் என்று இரண்டையும் சொன்னால்தான் சரியான ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், டெட்டனஸ் ஊசியும் சேர்த்து.

மதுரைக்காரி:

நன்றி. மேஜிக் கிங்டத்துக்கு ஃபெரி படகில் போவது?

ஏரிக்கரை:

தாராளமாகப் போகலாம், தளம் உயரத்தில் இருக்கும். சின்னப் படகில் மட்டும் பிள்ளைகள் கையைத் தண்ணீரில் அளைய விடாதீர்கள். துறையில் ஏறி இறங்கும்போது விளிம்பை விட்டு நடுவில் நடங்கள்.